வடபுறச் சந்தும் மாமரத்தடியும்: ஒரு நிழல் தோட்டச் சேவையைப் பற்றி

தாம்பரம் பக்கத்திலுள்ள எங்கள் வீட்டில் வெயில் படாத இடங்கள் இரண்டு உண்டு. ஒன்று, வீட்டின் வடக்குச் சுவருக்கும் மதிலுக்கும் இடையே ஆறடி அகலத்தில் ஓடும் சந்து. மற்றொன்று, கொல்லையில் நிற்கும் பழைய மாமரத்தின் அடி. செம்பருத்தி, ரோஜா, மல்லிகை என்று அங்கே வைத்துப் பார்த்ததெல்லாம் ஒல்லியாக நீண்டு, பூக்காமல் சோர்ந்துபோனதால், சென்ற ஜனவரியில் ஒரு சிறிய தோட்ட வடிவமைப்பு நிறுவனத்தை அழைத்தோம். பாராட்டோடு ஒரு பெருங்குறையையும் சொல்ல வேண்டியிருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

அவர்கள் செய்த முதல் நல்ல காரியம், மரத்தடியில் புல்தரை வேண்டும் என்ற என் ஆசையை மறுத்தது. கொரியன் புல் நல்ல வெயிலில்தான் அடர்ந்து வளரும் என்றும், இங்கே போட்டால் சில மாதங்களில் சொட்டை விழும் என்றும் முகத்துக்கு நேரே சொன்னார்கள். புல்லுக்குக் கிடைத்திருக்கக்கூடிய பணத்தை விட்டுவிட்டு அப்படிச் சொல்பவர்கள் குறைவு. மாமரத்தின் வேர்களை வெட்டவுமில்லை, அடிமரத்தைச் சுற்றி மண் கொட்டி மேடாக்கவுமில்லை. மரத்தின் வேர்கள் அக்கம்பக்கத்து ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும் என்பதால், வேர்களுக்கிடையே இயல்பாக இருந்த பள்ளங்களில் மட்டும் பெரணியையும் சிங்கோனியத்தையும் நட்டு, மற்றவற்றைச் செம்மண்ணும் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த தொட்டிகளில் வைத்தார்கள்.

நிறத்தைப் பூக்களிலிருந்து எதிர்பார்க்காமல் இலைகளிலிருந்தே கொண்டுவந்ததுதான் இந்த வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது. கரும்பச்சை இலைகள் நிழலோடு கலந்து மறைந்துவிடும் என்பதால், உயரமான லேடி பாம் செடிகளைப் பின்னால் நிறுத்தி, வெள்ளைத் திட்டுகள் கொண்ட சிங்கோனியத்தையும் வெள்ளிக் கோடுகள் ஓடும் அக்லோனிமாவையும் முன்னால் வைத்திருக்கிறார்கள். மாலை ஆறரை மணிக்கு, மரத்தடி முழுவதும் இருண்ட பிறகும், அந்த வெளிறிய இலைகள் மட்டும் தனியாகத் தெரிகின்றன. வெளியே வராத என் மாமியார் இப்போது தினமும் அங்கேதான் காப்பி குடிக்கிறார்.

ஆனால் மாமரம் பூக்கும் காலத்தில் நடப்பதை அவர்கள் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். பிப்ரவரியில் பூங்கொத்துகளில் தத்துப்பூச்சிகள் பெருகி, அவற்றின் இனிப்புக் கழிவு கீழேயுள்ள இலைகள்மீது பிசுபிசுவென்று படிந்தது. பத்தே நாளில் அதன்மேல் கரிபூசியதுபோல் கரும்பூஞ்சை படர்ந்து, வெள்ளி அக்லோனிமா அடையாளம் தெரியாமல் போயிற்று. தொலைபேசியில் கேட்டபோது, இலைகளைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவித் துணியால் துடைக்கச் சொன்னார்கள், அதில் சரியானது.

பெருங்குறை வடபுறச் சந்தில் நேர்ந்தது. ஜனவரி நடுவில் ஒரு நாள் காலை வந்து பார்த்துவிட்டு, அதை முழு நிழல் என்று குறித்துக்கொண்டு, நீளவாக்கில் 18 கலாத்தியா செடிகளை நட்டார்கள். அன்றைய நிலவரப்படி அது சரிதான். அந்தச் சமயத்தில் எங்கள் 20 அடிச் சுவரின் நிழல் நண்பகலில்கூட ஏறத்தாழ 13 அடிக்கு விழும். ஆனால் சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரியில் இருப்பதால், ஏப்ரல் 25 வாக்கில் நம் தலைக்கு நேர்மேலே வரும் சூரியன், அதன்பின் ஆகஸ்ட் 18 வாக்கு வரை நண்பகலில் நமக்கு வடக்கே நிற்கிறது. மே மாத உச்சி வெயில் நேராகச் சந்துக்குள் இறங்கியது. கலாத்தியா இலைகள் முதலில் பீடிபோலச் சுருண்டன. பிறகு விளிம்பு பழுப்பேறி, நடுவில் காகிதம்போல் வெளுத்து, தொட்டால் நொறுங்கின. ஒரே வாரத்தில் 12 செடிகள் போயின. செடிகளுக்கு அவர்கள் கொடுத்திருந்த மூன்று மாத உத்தரவாதம் ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. இந்த ஊரிலேயே தொழில் செய்பவர்களுக்கு இது தெரியாமலிருக்க நியாயமில்லை.

புகார் சொன்ன மூன்றாம் நாளே வடிவமைப்பாளர் நேரில் வந்து, தவறு தம்முடையது என்று ஒப்புக்கொண்டார். பிழைத்த ஆறு கலாத்தியாக்களையும் மாமரத்தடிக்கு மாற்றிவிட்டு, வெயிலையும் நிழலையும் தாங்கக்கூடிய ஸ்னேக் பிளான்ட், டிரசினா, ரியோ ஆகியவற்றைப் பாதி விலைக்கு நட்டுக் கொடுத்தார். அந்தப் பாதியையும் வாங்கியிருக்கக் கூடாது என்பது என் கருத்து. வீட்டில் அதற்கு ஆதரவில்லை.

சந்தில் போட்ட கடப்பாக் கற்கள் மெருகேற்றாதவை என்பதால், ஐப்பசி மழையில் பாசி படிந்தபோதும் கால் அவ்வளவாக வழுக்கவில்லை. தொட்டிகளுக்கு அடியில் தட்டு வைக்காததால் கொசுவும் கூடவில்லை. வரைபடம், மண், செடி, கல், கூலி எல்லாம் சேர்த்து 68,000 ரூபாய் ஆயிற்று. மாமரத்தடிக்கு மட்டும் என்றால் அவர்களையே மீண்டும் அழைப்பேன். சந்து போன்ற இடத்துக்கு அழைப்பவர்கள், மே மாதத்தில் ஒரு முறை நண்பகலில் வந்து பார்த்த பிறகே செடிப் பட்டியலை முடிவு செய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.