சென்னைக் கப்பலா, சிங்கப்பூர்க் கப்பலா? டெல்டாவிலிருந்து முதல் முறை கிளம்பும் தம்பதிக்கு

கல்யாணமான கையோடு ஊட்டி, கொடைக்கானல் என்று போனது ஒரு காலம். இப்போது தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் பக்கத்துப் பிள்ளைகள் கப்பலில் போகலாமா என்று கேட்கிறார்கள். அவர்களுக்குக் கைக்கெட்டும் வழி இரண்டு. சென்னைத் துறைமுகத்தில் கார்டீலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பலில் ஏறலாம். இல்லையென்றால் திருச்சியில் விமானம் ஏறிச் சிங்கப்பூர் போய், அங்கே ஜென்டிங் ட்ரீம் கப்பலில் ஏறலாம். நானும் என் மனைவியும் இரண்டிலும் போயிருக்கிறோம். கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மாசி, பங்குனியில் கிளம்ப முடிந்தால் சிங்கப்பூர், ஆவணியில்தான் முடியும் என்றால் சென்னை.

முதலில் இரண்டுக்கும் பொதுவான ஒன்று. பழைய பாணிக் கப்பல்களில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு நேரம் குறித்துவிடுவார்கள், மேஜையும் மாறாது, ஒரு நாள் கோட்டு சூட்டு போட்டே ஆக வேண்டும். க்வீன் மேரி 2 போன்ற கப்பல்களில் அந்த வழக்கம் இன்னும் இருக்கிறது. நார்வீஜியன் என்ற கப்பல் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் ‘ஃப்ரீஸ்டைல்’ என்று பெயர் வைத்து, நினைத்த நேரத்தில் நினைத்த இடத்தில் சாப்பிடலாம், நல்ல உடை எதுவானாலும் போதும் என்று கொண்டுவந்தது. நம் கப்பல்கள் இரண்டும் அந்த இலகுவான வகைதான். சுடிதாரிலும் சட்டை பேண்ட்டிலும் முழுப் பயணத்தையும் முடித்துவிடலாம். முதல் முறை போகிற இருவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. எந்தக் கரண்டியை எப்போது எடுப்பது என்ற பயத்தோடு யாரும் விடுமுறையைக் கழிக்கக் கூடாது.

சரி, மாதத்தை வைத்து ஏன் சொல்கிறேன்? எம்பிரஸ் வருடம் முழுக்கச் சென்னையில் நிற்பதில்லை. மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில்தான் இந்தப் பக்கம் வருகிறது. மற்ற நாட்களில் அதற்கு மும்பை, கோவா, கொச்சி. 2022-இல் முதல் முறை சென்னையிலிருந்து கிளம்பியதும் ஜூன் மாதத்தில்தான். ஜூன் 12 என்றால் டெல்டாவில் என்ன நாள் என்று சொல்ல வேண்டியதில்லை. மேட்டூர் திறந்து தண்ணீர் கடைமடைக்கு வரும் நேரத்தில், நிலம் வைத்திருக்கும் வீட்டில் யார் கப்பலுக்குக் கிளம்புவது? அதை அடுத்து ஆடி. புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போகும் வழக்கம் உள்ள குடும்பங்களில் அந்த மாதமும் போயிற்று. மிஞ்சுவது ஆவணிதான். அப்போது நாற்றங்கால் வேலையையும் முகூர்த்தங்களையும் தாண்டி நான்கு நாள் ஒதுக்க முடிகிறவர்களுக்குச் சென்னை சரியாக வரும்.

தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து கையில் நாலு காசு புரளும்போது சென்னையில் அந்தக் கப்பல் இருக்காது. சிங்கப்பூர்க் கப்பலுக்கு அப்படி ஒரு பருவம் இல்லை. வாரத்துக்கு வாரம் 2 இரவு, 3 இரவு என்று பினாங்கு, கிள்ளான், புக்கெட் பக்கம் போய்த் திரும்பிக்கொண்டே இருக்கிறது. அந்த மாதங்களில் மலாக்கா நீரிணையும் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் மலேயா. நடுவில் பேரலைக்கு இடமில்லை. சென்னைக் கப்பல் போவது திறந்த வங்கக் கடலில். கப்பலும் சிறியது. எம்பிரஸ் 1990-இல் பிரான்சில் கட்டியது, 48,000 டன் சொச்சம், நீளம் 211 மீட்டர். ஜென்டிங் ட்ரீம் 2016-இல் ஜெர்மனியில் கட்டியது, ஒன்றரை லட்சம் டன், 335 மீட்டர். சின்னக் கப்பல் கூடுதலாக ஆடும். அதில் யார் தப்பும் இல்லை. பஸ்ஸில் போனாலே தலை சுற்றுகிறவர் என்றால் கீழ்த் தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. மாத்திரையை டாக்டரிடம் கேட்டு, தலை சுற்ற ஆரம்பிக்கும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்.

தூரத்தைப் பற்றிப் பலரும் நினைப்பது வேறு, நடப்பது வேறு. சிங்கப்பூர் என்றால் எங்கேயோ, சென்னை என்றால் பக்கத்தில் என்று தோன்றும். தஞ்சாவூரிலிருந்து திருச்சி விமான நிலையம் காரில் ஒரு மணி நேரம் சொச்சம், அங்கிருந்து சிங்கப்பூர் நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல். உழவன் எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்கப் போய்ச் சென்னையில் இறங்குவதோடு ஒப்பிட்டால் உடம்புக்கு இரண்டும் ஒன்றுதான். பணத்துக்குத்தான் ஒன்றில்லை. விமான டிக்கெட், விசா, ஒரு நாள் ஹோட்டல் எல்லாம் சேர்ந்தால் சிங்கப்பூர் நிச்சயம் கூடுதல். பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்கும் சென்னைதான். கடலைச் சுற்றிவிட்டு இங்கேயே திரும்பும் பயணத்துக்கு நம் அடையாள அட்டை போதும். இலங்கைக்குப் போகிற பயணம் என்றால் பாஸ்போர்ட் வேண்டும்.

சிங்கப்பூர் விசாவில் ஒரு விஷயத்தை ஏஜென்டிடம் அழுத்திக் கேளுங்கள். கப்பல் வெளிநாட்டுத் துறைமுகம் போய்விட்டு மறுபடி சிங்கப்பூருக்கே வருகிறது. அதாவது நீங்கள் இரண்டு முறை அந்த நாட்டுக்குள் நுழைகிறீர்கள். ஒரு முறை மட்டும் நுழையும் விசா வாங்கினால் திரும்பும்போது சிக்கல். அப்புறம், கப்பல் கிளம்பும் அன்றே போய் இறங்காதீர்கள், முந்தின நாளே போய்விடுங்கள். கூத்தாநல்லூரைச் ‘சின்ன சிங்கப்பூர்’ என்று சொல்கிற மண் இது. பாதி வீடுகளில் அங்கே ஒரு சித்தப்பாவோ மாமாவோ இருப்பார். அவர் வீட்டில் தங்காமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து. பார்த்துவிட்டு வாருங்கள், சாப்பிட்டுவிட்டும் வாருங்கள். ராத்திரி தங்குவது மட்டும் ஹோட்டலில். இது உங்கள் இருவருக்கான பயணம்.

பெரியவர்கள் “கப்பல்லயா, எதுக்கு?” என்று கேட்டால் கோபப்பட வேண்டாம். நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போனவர்களின் பிள்ளைகள் அவர்கள். 1926-இல் ஓடத் தொடங்கிய அந்தக் கப்பல் 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போன அப்பாவை வழியனுப்பிவிட்டு, வருஷக்கணக்கில் கடிதத்துக்குக் காத்திருந்த வீடுகள் இங்கே நிறைய. கப்பல் என்றதும் அவர்களுக்குப் பிரிவுதான் ஞாபகம் வரும். உட்கார்ந்து பேசி, இரண்டு பேரும் சேர்ந்தே போகிறோம், சேர்ந்தே வருகிறோம் என்று புரியவைப்பது நம் கடமை.

இனி அறை. நான் அதிகம் வாதாடுவது இதற்காகத்தான். காசை மிச்சம் பிடிக்கலாம் என்று எல்லோரும் உள்ளறை எடுக்கிறார்கள். அதில் ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் பகலா இரவா தெரியாது. நண்பர்கள் கூட்டமாகப் போனால் தூங்க மட்டும்தான் அறை, அது போதும். புதுத் தம்பதிக்குப் போதாது. கூட்டுக் குடும்பத்தில், கூடத்தில் எப்போதும் நாலு பேர் இருக்கிற வீட்டில் வாழ ஆரம்பித்திருக்கும் பெண்ணுக்கு, கதவைச் சாத்திக்கொண்டு தன் கணவரோடு கடலைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் பேசக் கிடைப்பதுதான் இந்தப் பயணத்தின் முழு மதிப்பு. ஜென்டிங் ட்ரீமில் பெரும்பாலான அறைகளுக்குப் பால்கனி உண்டு. எம்பிரஸில் பால்கனி அறைகள் கொஞ்சம்தான், சீக்கிரம் போய்விடும். திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல் வைத்த அறையாவது எடுங்கள். 3 இரவு உள்ளறையா, 2 இரவு பால்கனியா என்று வந்தால் யோசிக்காமல் இரண்டாவதை எடுப்பேன். அறை எண்ணைப் பிறகு சொல்கிறோம் என்று மலிவு விலையில் தருவதை எடுத்தால், மேலே சொன்ன நடுப்பகுதி அறை கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

சாப்பாட்டில் எம்பிரஸ் ஒரு படி மேல். நம் ஊர்ப் பயணிகளுக்காகவே ஓடுகிற கப்பல் என்பதால் சைவம், ஜைன உணவு என்று எதுவும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஜென்டிங் ட்ரீமிலும் இந்தியச் சைவ உணவு, ஹலால் உணவு இரண்டும் உண்டு. பட்டினி கிடக்க மாட்டீர்கள். ஆனால் அங்கே எல்லா உணவகமும் கட்டணத்தில் சேராது. எது இலவசம், எதற்குத் தனிக் காசு என்று ஏறியவுடன் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கும்பகோணத்துக்காரர்கள் காபிக்கு மட்டும் மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும், இரண்டிலும்தான்.

ஆலப்புழை படகு வீட்டைச் சிலர் மூன்றாவதாகச் சொல்வார்கள். அழகுதான். ஆனால் வாய்க்காலும் வயலும் தென்னையும் பார்த்து வளர்ந்த நமக்கு அது புது இடம் இல்லை.

நாகை–காங்கேசன்துறைக் கப்பலை நான் அப்படித் தள்ள மாட்டேன். 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்ற கப்பலோடு மறுபடி தொடங்கியது. நாலு மணி நேரப் பயணம், அறை கிடையாது, இருக்கைதான். விடுமுறைக் கப்பலோடு சேர்த்துப் பேச முடியாது. ஆனாலும் யாழ்ப்பாணம் போய் நல்லூர்க் கந்தனைப் பார்த்துவிட்டு வரலாம், கடல் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்றும் தெரிந்துவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஓடாது என்பதால் அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் கணக்கு. விளம்பரத்தில் போடும் தொகை முழுத் தொகை இல்லை. துறைமுகக் கட்டணம், வரி, ஊழியர்களுக்கான அன்பளிப்புத் தொகை எல்லாம் தனியாக ஏறும். ஏஜென்டிடம் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கையை விட்டுப் போகும் மொத்தத்தைக் கேட்டு எழுதி வாங்கிவிட்டு, அப்புறம் இரண்டு கப்பலையும் ஒப்பிடுங்கள். வைஃபைக்கும் தனிக் கட்டணம். கப்பல் கரையை விட்டதும் போனை ஃப்ளைட் மோடில் போட்டுவிடுங்கள்; கப்பலின் செயற்கைக்கோள் சிக்னலை அதுவாகவே பிடித்துக்கொண்டால் பில் எகிறிவிடும். கிளம்பும் முன் இரண்டு வீட்டாரிடமும் எந்தத் தேதி எத்தனை மணிக்குக் கூப்பிடுவோம் என்று சொல்லிவிட்டால், அவர்களும் கவலைப்படாமல் இருப்பார்கள்.