‘முழு எம்பிஇ வசதி’ என்ற வார்த்தையை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

லின்ஸ்ட்ரூமென்ட், சீபோர்ட் மாதிரி விரல் அசைவை உணரும் இசைக் கன்ட்ரோலரை யூரோராக்கோடு (மாடியூல்களை ரேக்கில் மாட்டிச் சேர்க்கும் சிந்தசைசர்) இணைக்க நினைப்பவர்கள் மிடி–சிவி மாடியூல் (மிடி என்ற டிஜிட்டல் இசைச் செய்தியை வோல்டேஜாக மாற்றும் கருவி) வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

வெளிநாட்டுச் சரக்கு விற்கும் ஓர் ஆன்லைன் கடையில் நான்கு குரல் (ஒரே நேரத்தில் நான்கு சுரம்) மாடியூல் ஒன்று வாங்கினேன். ‘முழு எம்பிஇ வசதி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள், முன்கூட்டியே மெயிலில் கேட்டதற்கும் ஆமாம் என்றுதான் பதில். வந்து சேர்ந்தது சாதாரண மிடி கன்வெர்ட்டர்.

எம்பிஇ என்றால் ‘மிடி பாலிஃபோனிக் எக்ஸ்பிரஷன்’. அதில் ஒவ்வொரு விரலுக்கும் தனிச் சேனல், அதனால்தான் ஒரு சுரம் நிற்க இன்னொன்றை மட்டும் இழுக்க முடிகிறது. 2018-லேயே மிடி தரத்தில் சேர்ந்துவிட்ட விஷயம் இது. இந்த மாடியூல் எல்லாச் சேனலையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது, ஒரு விரலை நகர்த்தினால் நான்கு குரலும் சேர்ந்து நகர்கின்றன. பெண்ட் ரேஞ்சும் (விரலை இழுத்தால் சுரம் எவ்வளவு தூரம் நகரலாம் என்ற அளவு) 2 அரைச்சுரத்தில் பூட்டிக் கிடக்கிறது, மாற்ற வழியே இல்லை. எம்பிஇ கன்ட்ரோலர்கள் வழக்கமாக அனுப்புவது 48. ஒரு ஸ்தாயி முழுக்க விரலை வழுக்கிக்கொண்டு போய் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன், 1 வோல்ட் ஏற வேண்டிய இடத்தில் ஏறியது சுமார் 42 மில்லிவோல்ட். அதாவது அரைச்சுரத்தில் பாதி! சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கும் ஒரு ஜாருகூட வாசிக்க முடியாது.

விரல் அழுத்த விஷயத்தில் இன்னும் மோசம். மிடியில் அது 128 படிகள்தான், நல்ல கன்வெர்ட்டர் அவற்றை நிரவிக் கொடுக்கும். இதில் ஃபில்டர் கட்ஆஃபுக்கு (ஒலியின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் இடம்) ஒயரைச் செருகி மெல்ல அழுத்தினால் ஒவ்வொரு படியும் தனித்தனியாகக் காதில் விழுகிறது.

கடைக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். முதலில் “மிடி எல்லாம் ஒன்றுதானே சார்” என்றார்கள், அப்புறம் ஃபர்ம்வேர் அப்டேட் வரும் என்றார்கள், கடைசியில் பெட்டி பிரித்த பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாதாம். பிரிக்காமல் ரேக்கில் எப்படி மாட்டிப் பார்ப்பது? பொய் சொல்லி விற்றுவிட்டு விதி பேசுகிறார்கள், அதுதான் வயிறு எரிகிறது.

வாங்குவதாக இருந்தால், இரண்டு விரல் வைத்து ஒன்றை மட்டும் இழுத்துக் காட்டும் வீடியோவைக் கேளுங்கள், பெண்ட் ரேஞ்சை 48-க்கு மாற்றும் மெனுவையும் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் கன்ட்ரோலரை ஒற்றைச் சேனலுக்கும் ரேஞ்சை 2-க்கும் மாற்றினால் ஒற்றைக் குரலாவது ஒழுங்காக வரும்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் திரும்ப வந்தாலும் வராவிட்டாலும் இங்கேயே எழுதுகிறேன்.