ஐந்நூறாவது யூனிட்: ஒன்பது ஆண்டுக் கரண்ட் பில் கணக்கு

திருச்சியில் கட்டிய சொந்த வீட்டுக்கு நாங்கள் 2016ஆம் ஆண்டு குடிவந்தோம். வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்ற அறிவிப்பு வந்ததும் அதே ஆண்டு மே மாதத்தில்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு முறை ரீடிங் எடுக்கும்போதும் எத்தனை யூனிட், எவ்வளவு பணம் என்பதை ஒரு நீளக் குறிப்பேட்டில் எழுதி வருகிறேன். தொடக்கத்தில் அது வெறும் பழக்கம். கட்டணத்தைப் புரிந்துகொள்ள உதவும் என்று அப்போது எண்ணவில்லை.

அலைபேசிக்கு ரீசார்ஜ் திட்டங்களை அடுக்கிவைத்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுபோல மின்சாரத்துக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு தமிழ்நாட்டு வீடுகளுக்குக் கிடையாது. பெயர்ப் பலகைகள் மாறினாலும் நம் வாயில் இன்னமும் ‘ஈபி’யாகவே இருக்கும் அரசு நிறுவனம் ஒன்றே மின்சாரம் தருகிறது, விலையைத் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது, அதில் ஒரு பகுதியை மாநில அரசு மானியமாக ஏற்றுக்கொள்கிறது. ஆனால் இரண்டு மாதக் கணக்கின் முடிவில் நம் மீட்டர் எந்த எண்ணில் நிற்கிறதோ அதைப் பொறுத்து நமக்குப் பொருந்தும் விலைப்பட்டியலே மாறிவிடுவதால், எந்தத் திட்டத்தில் இருக்கிறோம் என்பதை நம்மை அறியாமல் நாமே அறுபது நாளுக்கு ஒருமுறை தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இதை நான் கற்றுக்கொண்டது 2019 கோடையில். மே, ஜூன் கணக்கு முடியும் நாள் நெருங்கியிருந்தது. விருந்தினர் வந்திருந்ததால் இரண்டு அறைகளிலும் இரவு முழுவதும் ஏசி ஓடியது. மறுநாள் காலை ரீடிங் எடுக்க வந்தவர் அட்டையில் 503 என்று எழுதிவிட்டுப் போனார். அப்போதைய கட்டணப்படி 500 யூனிட்டுக்கு நிலைக்கட்டணம் உட்பட 1,130 ரூபாய். 503க்கு ஏறத்தாழ 1,800 ரூபாய். ஐந்நூறைத் தாண்டியதும் கூடுதலான மூன்று யூனிட்டுக்கு மட்டுமன்றி, நூற்றொன்றாவது யூனிட்டிலிருந்தே விலை உயர்ந்துவிடும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. மூன்று யூனிட்டுக்கு 670 ரூபாய் கொடுத்த கதையை என் மனைவி இன்றும் விருந்தினர் வரும்போதெல்லாம் எடுத்துவிடுவார்.

2022 செப்டம்பர் 10 முதல் இந்த அமைப்பு மாறியது. வீடுகளுக்கான நிலைக்கட்டணம் நீக்கப்பட்டது, யூனிட் விலை உயர்ந்தது, ஐந்நூறில் இருந்த பள்ளத்தின் ஆழம் குறைந்தது. பிறகு 2024 ஜூலை 1 முதல் மீண்டும் ஓர் உயர்வு. அந்த உயர்வுக்குப் பிந்தைய விலையில், மொத்தப் பயன்பாடு 500க்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த நூற்றுக்கு யூனிட் 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70 ரூபாய், கடைசி நூற்றுக்கு 6.30 ரூபாய். ஐந்நூறைத் தாண்டினால் அந்த 2.35 மறைந்து 101 முதல் 400 வரை எல்லாமே 4.70 ஆகிவிடும், 501 முதல் 600 வரை 8.40, 800 வரை 9.45, ஆயிரம் வரை 10.50, அதற்கு மேல் 11.55. ஆக, 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். 501க்கு 2,048 ரூபாய். அந்த ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய். 2019இல் இது 650 ரூபாய்க்கும் மேல் இருந்தது என்பதால், கட்டண உயர்வைத் திட்டுகிற நேரத்திலும் இந்த ஒரு திருத்தம் நியாயமானது என்றே சொல்வேன். 2025 ஜூலையில் அறிவிக்கப்பட்ட 3.16 சதவீத உயர்வு வீடுகளைத் தொடவில்லை; அரசே அதை ஏற்றுக்கொண்டது.

2024 ஜூலை தொடங்கி 2025 ஜூன் வரையிலான ஓராண்டில் எங்கள் ஆறு பில்கள் வரிசையாக 480, 430, 300, 310, 560, 640 யூனிட். மொத்தம் 2,720 யூனிட்டுக்கு 10,302 ரூபாய், அதாவது சராசரியாக யூனிட்டுக்கு 3.79 ரூபாய். சராசரியை மட்டும் பார்த்தால் மலிவாகத்தான் தெரியும். ஆனால் மார்ச் முதல் ஜூன் வரையிலான இரண்டு கோடை பில்கள் மட்டுமே 5,802 ரூபாய்; ஆண்டுச் செலவில் பாதிக்கும் மேல். சேமிப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைக் குறிப்பேட்டின் இந்தப் பக்கம்தான் காட்டிக்கொடுத்தது. மழைக்காலத்தில் 300லிருந்து 200க்கு இறங்கினால் மிச்சம் 470 ரூபாய். அதே நூறு யூனிட்டைக் கோடையில் 560லிருந்து 460க்கு இறக்கினால் மிச்சம் 991 ரூபாய். விளம்பரங்கள் ‘ஆண்டுக்கு இவ்வளவு யூனிட் மிச்சம்’ என்று சொல்லும்போது, அந்த யூனிட் எந்த விலைப் படிநிலையிலிருந்து கழிகிறது என்ற கேள்வியை நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதனால் முதலில் மீட்டரையே பார்க்கத் தொடங்கினேன். எங்கள் மீட்டரில் சிவப்பு விளக்கு 3,200 முறை மின்னினால் ஒரு யூனிட் என்று முகப்பிலேயே அச்சிட்டிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வீட்டிலுள்ள அனைத்தையும் அணைத்துவிட்டு, ஃபிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, டார்ச்சோடு மீட்டர் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தேன். விளக்கு நிற்கவில்லை, நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை மின்னிக்கொண்டே இருந்தது. இன்வெர்ட்டர், செட்டாப் பாக்ஸ், வைஃபை பெட்டி ஆகிய மூன்றும் அணைத்ததாக நான் நினைத்துக்கொண்டவை. நிமிடத்துக்கு மூன்று என்றால் அறுபது நாளில் எண்பது யூனிட் வரும். செட்டாப் பாக்ஸை இரவில் சுவிட்சிலேயே அணைக்கும் பழக்கம் அன்று தொடங்கியது. இன்வெர்ட்டரை ஒன்றும் செய்ய இயலவில்லை. மின்தடைக்குப் பயந்தவன் கொடுக்கும் வாடகை என்று விட்டுவிட்டேன்.

மிகுதியான பலன் தந்தது மின்விசிறி மாற்றம். பழைய விசிறி ஏறத்தாழ 75 வாட் இழுக்கும். பிரஷ் இல்லாத மோட்டாரில் ஓடும் பிஎல்டிசி விசிறி 30 வாட் அளவில் அதே காற்றைத் தருகிறது. 2025 ஜூலையில் மூன்றை மாற்றினோம்; ஒன்று ஏறத்தாழ 3,000 ரூபாய். ஜூலை, ஆகஸ்ட் பில் முந்தைய ஆண்டின் 480லிருந்து 385க்கு வந்தது. பணத்தில் ஏறத்தாழ 575 ரூபாய் குறைவு. செப்டம்பர், அக்டோபரில் 430லிருந்து 345. நாங்கள் வாங்கியவற்றில் ரிமோட் தொலைந்தால் வேகத்தை மாற்ற இயலாது என்பது ஒரு குறை. எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒன்று தொலைந்துவிட்டது.

மாடியில் வாடகைக்குக் குடும்பம் வந்தபோது தனி இணைப்பு வாங்கியது இன்னொரு முடிவு. இரு குடும்பமும் ஒரே மீட்டரில் 700 யூனிட் பயன்படுத்தினால் 3,825 ரூபாய் வரும். தனித்தனி மீட்டரில் 350 வீதம் என்றால் இருவருக்கும் சேர்த்து 1,880 ரூபாய்தான். உண்மையிலேயே தனிக் குடித்தனம், தனிச் சமையலறை என்று இருந்தால் இது முறையான வழி. ஒரே குடும்பம் இலவச யூனிட்டுக்காக இரண்டு இணைப்பு வைத்துக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மகள் பெங்களூரில் இருப்பதால் அந்த ஊர்க் கணக்கும் ஓரளவு கைவசம் உண்டு. அங்கே மாதாமாதம் பில். 2024 ஏப்ரலில் படிநிலைகளை எடுத்துவிட்டு எல்லா யூனிட்டுக்கும் 5.90 ரூபாய் என்று ஒரே விலை வைத்தார்கள். கிலோவாட் கணக்கில் நிலைக்கட்டணமும் வரியும் தனி. அந்த விலையில் இரண்டு மாதத்தில் 500 யூனிட் என்றால் மின்சாரத்துக்கு மட்டுமே 2,950 ரூபாய், இங்கே 1,805. ஆனால் 2023இல் வந்த கர்நாடக அரசின் கிருக ஜோதி திட்டத்தில், முந்தைய சராசரியோடு பத்து சதவீதம் சேர்த்து, மாதம் 200 யூனிட் வரம்புக்குள் இலவசம் என்பதால் மகளுக்குப் பெரும்பாலும் பூஜ்ய பில்தான் வருகிறது. இருநூறைத் தாண்டிய மாதத்தில் முழுத் தொகையும் கட்ட வேண்டும். நம் ஐந்நூறு அங்கே இருநூறு. பள்ளம் இடம் மாறியிருக்கிறதே தவிர, மூடப்படவில்லை.

மாடியில் சூரிய மின்தகடு போடச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். 2024இல் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 12 யூனிட் வரும் என்பதால் எங்கள் ஆண்டுத் தேவை முழுவதும் அடங்கிவிடும். எனக்குச் சொல்லப்பட்ட விலை ஏறத்தாழ இரண்டு லட்சம். மானியம் போக 1,22,000 ரூபாய். ஆண்டுக்கு 10,302 ரூபாய் கட்டும் வீட்டுக்கு அந்தப் பணம் திரும்ப ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டாகும். கோடையில் ஆயிரம் யூனிட்டைத் தாண்டும் வீடுகள் தயங்காமல் போடலாம். எங்களைப் போல நானூறு, ஐந்நூறில் உலவும் வீடுகளுக்கு, அரசு தரும் மலிவு யூனிட்டே சூரியனுக்குப் போட்டியாக நிற்கிறது. விசிறி மாற்றிய பிறகு அந்தக் கணக்கு இன்னும் நீண்டுவிட்டது. ஆகவே இப்போதைக்கு ஒத்திவைத்திருக்கிறேன்.

நாற்பத்தைந்தாவது நாளை ரீடிங் தேதியிலிருந்து எண்ணிக் காலண்டரில் பென்சிலால் வட்டமிடுகிறோம். அன்றைக்கு மீட்டர் 375க்குள் இருந்தால் ஏசிக்குத் தடையில்லை. தாண்டியிருந்தால் மீதிப் பதினைந்து நாளும் எல்லோருக்கும் கூடத்தில் ஒரே ஏசியில் படுக்கை. சென்ற மே, ஜூன் கணக்கில் அந்த வட்டத்துக்குள் என் மனைவி எழுதிய எண் 470. பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான். அந்த முறை யாரும் கூடத்துக்கு மாறவில்லை.