இருக்கை உயர்ந்தது 22 மில்லிமீட்டர்: முழங்கால் வலியும் பைக் ஃபிட்டிங்கும், ஒரு மூன்றரை ஆண்டு அனுபவம்

2022 ஜனவரியில் நான் பைக் ஃபிட்டிங், அதாவது சைக்கிளின் அளவுகளை ஓட்டுபவரின் உடலுக்கு ஏற்பப் பொருத்தும் வேலையை, செய்துகொண்டேன். வீட்டில் சொன்னபோது மோட்டார் சைக்கிளுக்கு ஏதோ உதிரிபாகம் மாட்டப் போகிறேன் என்றுதான் நினைத்தார்கள். மிதிவண்டியின் இருக்கையை ஏற்றி இறக்குவதற்கு 9,000 ரூபாய் என்று விளங்கியதும், வாடகை சைக்கிளில் குரங்கு பெடல் போட்டுக் கற்றுக்கொண்டவனுக்கு இதெல்லாம் தேவையா என்ற கேள்வி வந்தது. அந்தத் தொகைக்கு முழங்கால் வலி தீர்ந்ததா என்பதற்கு உடனே விடை எழுதாமல் காத்திருந்தேன். முதல் மாதத்தில் எழுதியிருந்தால் மிகையாகப் புகழ்ந்திருப்பேன், மூன்றாம் மாதத்தில் திட்டித் தீர்த்திருப்பேன். இப்போது அந்த அளவுகளோடு ஏறத்தாழ 17,000 கிலோமீட்டர் ஓட்டியாயிற்று.

வலி தொடங்கியது 2021 அக்டோபரில். பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டிய 200 கிலோமீட்டர் பிரெவே (குறித்த நேரத்துக்குள் ஓட்டி முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் பயணம்) ஒன்றுக்காக, வாரத்திற்கு 60 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டிருந்தவன் ஆறே வாரங்களில் அதை 200 ஆக்கினேன். திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய்த் திரும்பும் கிழக்குக் கடற்கரைச் சாலை சமதளமானது. எதிர்க்காற்றிலும் கனமான கியரை இறக்காமல் நிமிடத்திற்கு அறுபது சுற்று என்ற அளவில் மிதித்துத் தள்ளுவதை வலிமை என்று நம்பியிருந்தேன். இடது முழங்காற்சில்லுக்கு அடியில் மந்தமாகத் தொடங்கிய வலி, மாடிப்படி இறங்கும்போதும், நெடுநேரம் உட்கார்ந்து எழும்போதும் கூர்மையானது. மருத்துவர் பரிசோதித்துவிட்டு, தசைநாரோ சவ்வோ கிழியவில்லை, சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடையிலான அழுத்தத்தால் வரும் வலி என்றார். இந்தப் பரிசோதனையை முதலில் செய்துகொண்டது நல்லது என்றே இன்றும் கருதுகிறேன். வீங்கிய முழங்காலோடும், மடக்கினால் சிக்கிக்கொள்ளும் முழங்காலோடும் ஃபிட்டிங் கடைக்குப் போவதில் பொருளில்லை.

ஃபிட்டிங் மூன்று மணி நேரம் நடந்தது. முதல் முக்கால் மணி நேரம் நான் சைக்கிளில் ஏறவே இல்லை. பழைய காயங்கள், வாராந்திரத் தூரம், வலி எந்த இடத்தில், ஓட்டத்தின் எந்தக் கட்டத்தில் வருகிறது என்று கேள்விகள். பிறகு ஃபிட்டர் என்னை மேசையில் படுக்கவைத்து இடுப்பு, தொடைப் பின்தசை, கணுக்கால் ஆகியவற்றின் நெகிழ்வைப் பார்த்தார். அதன் பின்னரே சைக்கிளை, நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் டிரெய்னரில் பொருத்தி, மூட்டுகளில் குறிகள் ஒட்டி, நான் மிதிப்பதைக் காணொளியாகப் பதிவுசெய்தார். பெடல் கீழே வரும் கணத்தில் என் முழங்கால் 44 பாகை மடிந்திருந்தது. அசையாமல் நிற்கும் காலில் கோணமானியால் அளக்கும்போது 25 முதல் 35 பாகை என்பது பரவலாக ஏற்கப்படும் வரம்பு. மிதிக்கும்போது அளந்தால் அதைவிடச் சில பாகைகள் கூடுதலாகவே வரும். அதைக் கழித்துப் பார்த்தாலும் என் இருக்கை தாழ்ந்துதான் இருந்தது. இருக்கை தாழ்ந்திருந்தால் பெடல் மேலே வரும்போது முழங்கால் இன்னும் அதிகமாக மடியும். அப்படி மடிந்த நிலையில் முழு விசையோடு அழுத்தும் ஒவ்வொரு முறையும் சில்லு தொடை எலும்பின் மீது நெரிபடும். நிமிடத்திற்கு 80 சுற்று என்றாலும் நான்கு மணி நேரத்தில் ஒவ்வொரு காலும் 19,200 முறை அதைச் செய்கிறது.

சைக்கிளை வாங்கிய கடையில், பக்கத்தில் நிற்கவைத்து இடுப்பு எலும்பின் உயரத்துக்கு இருக்கையை வைத்துக் கொடுத்திருந்தார்கள். நான் அதைக் கேள்வி கேட்கவில்லை. ஃபிட்டர் அதை, பெடல்கள் சுழலும் அச்சிலிருந்து அளந்து, 68.7 சென்டிமீட்டரிலிருந்து 70.9க்கு உயர்த்தினார். அதையும் ஒரே நாளில் செய்யவில்லை. முதலில் 12 மில்லிமீட்டர் உயர்த்திவிட்டு, மீதியை வாரத்திற்கு இரண்டிரண்டாக ஏற்றச் சொன்னார். ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மை ஒரு சென்டிமீட்டர் குட்டையாக்கியது கழுத்துக்கு நன்மை செய்தது, முழங்காலுக்கு அதில் தொடர்பில்லை.

சில்லுக்கு அடியில் வந்த வலி, ஓட்டும்போது, மூன்று வாரங்களில் பெருமளவு குறைந்தது. அந்த மகிழ்ச்சியில்தான் தவறு செய்தேன். உள்கால் அளவை 0.883ஆல் பெருக்கினால் இருக்கை உயரம் கிடைக்கும் என்ற, சைக்கிள் பந்தய வீரர் கிரெக் லெமாண்ட் பெயரால் அறியப்படும் சூத்திரம் என் 81 சென்டிமீட்டருக்கு 71.5 என்று காட்டியது. ஃபிட்டரைவிடச் சூத்திரம் துல்லியமானது என்று எண்ணி, அந்த ஆறு மில்லிமீட்டரையும் ஏற்றினேன். பத்து நாட்களில் முழங்காலின் பின்பக்கம் இழுத்துப் பிடித்தது. அந்தச் சூத்திரத்துக்குக் காலின் நீளம் மட்டுமே தெரியும். என் தொடைப் பின்தசையின் இறுக்கமோ, காலணி அடியின் தடிமனோ, குதிகாலை எவ்வளவு தாழ்த்தி மிதிக்கிறேன் என்பதோ தெரியாது. ஃபிட்டர் வைத்த 70.9க்கே இறக்கியதும் அது சரியாயிற்று.

ஆனால் அதே காலத்தில் வலது முழங்காலின் வெளிப்பக்கத்தில் புதிதாக ஒரு வலி வந்ததற்கு நான் பொறுப்பல்ல. முதல் அமர்வில் கவனம் முழுவதும் இடது காலிலேயே இருந்ததால், என் வலது பாதம் இயல்பாகவே வெளிநோக்கித் திரும்பியிருப்பதை ஃபிட்டர் தவறவிட்டார். காலணியைப் பெடலோடு பூட்டும் கிளீட் நேராகப் பொருத்தப்பட்டிருந்தது. போதாக்குறைக்கு அது ஷிமானோவின் நீல நிறக் கிளீட், பாதம் திரும்புவதற்கு அது தரும் இடம் 2 பாகை மட்டுமே. இரண்டாவது அமர்வில் மஞ்சள் நிறத்துக்கு, அதாவது 6 பாகைக்கு மாற்றி, கிளீட்டின் கோணத்தையும் பாதத்தின் போக்குக்கே விட்டார். இரண்டு வாரத்தில் அந்த வலி போய்விட்டது. மறுபார்வை கட்டணத்தில் அடங்கியிருந்ததால் தப்பித்தேன். அது இல்லாத இடத்தில் 9,000 ரூபாய் கொடுத்து ஒரு முழங்காலைக் கொடுத்து மறு முழங்காலை வாங்கிவந்திருப்பேன்.

ஃபிட்டிங்கால் ஆகாதது என்னவென்றால், மாடிப்படி வலி. சைக்கிளில் வலி நின்ற பிறகும் ஐந்து மாதங்கள் அது தொடர்ந்தது. இயன்முறை மருத்துவர் கொடுத்த தொடை முன்தசை, இடுப்புப் பக்கத்தசைப் பயிற்சிகளை வாரத்தில் மூன்று நாள் செய்த பிறகே அது விலகியது. கியரை இறக்கி நிமிடத்திற்கு 80க்கு மேல் சுற்றப் பழகியதற்கும், வாராந்திரத் தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டியதற்கும் அதில் பங்குண்டு. 2010இல் வெளியான ஓர் ஆய்வு, 109 தொழில்முறைச் சாலை வீரர்களின் ஓராண்டு உபாதைகளைக் கணக்கெடுத்தது. மொத்த உபாதைகளில் முழங்காலின் பங்கு 23 விழுக்காடுதான் என்றாலும், ஓட்டத்தையே நிறுத்தவைத்தவற்றில் பாதிக்கு மேல் முழங்காலுடையவை. அளவு பார்த்துப் பொருத்த ஆட்களுக்குக் குறைவில்லாத அணிகளின் வீரர்களுக்கே இந்த நிலை என்றால், இருக்கையைச் சரிசெய்துவிட்டு மிதிக்கும் சுமையைக் குறைக்காமல் விட்டால் என் முழங்கால் பொறுத்துக்கொள்ளும் என்று நான் எதிர்பார்த்தது பேராசை.

இரண்டாம் ஆண்டில் 172.5 மில்லிமீட்டர் கிராங்கை, அதாவது பெடலைத் தாங்கிச் சுழலும் தண்டை, 165க்கு மாற்றினேன். கிராங்கிற்கான செலவு ஃபிட்டிங் கட்டணத்தை நெருங்கியது. பெடல் மேலே வரும்போது முழங்கால் மடிவது குறைந்தது உண்மை. சமதளத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை, ஏற்றத்தில் தெரிந்தது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள் என்பதையே அந்த ஆண்டுதான் கவனித்தேன். அதற்கு முந்தைய பயணங்களில் தலை நிமிரவில்லை. ஆனாலும் ஃபிட்டிங், உடற்பயிற்சி ஆகிய இரண்டையும் செய்யாமல் முதலில் கிராங்கை மாற்ற நினைப்பவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சென்ற பிப்ரவரியில் தேய்ந்துபோன இருக்கையை மாற்றினேன். இருக்கைத் தண்டில் போட்டிருந்த கோடு நகரவில்லை, ஆகவே உயரம் மாறவில்லை என்று எண்ணிக்கொண்டேன். இரண்டாவது வாரத்தில் இடது சில்லுக்கு அடியில் பழைய மந்த வலி எட்டிப்பார்த்தது. அளவு நாடாவை எடுத்துக் கிராங்கின் அச்சிலிருந்து இருக்கையின் மேற்பரப்பு வரை அளந்தேன்: 70.2. புதிய இருக்கை பழையதைவிட ஏழு மில்லிமீட்டர் தட்டையானது. ஃபிட்டர் எழுதிக்கொடுத்த தாள் கருவிப்பெட்டியின் மூடியில் ஒட்டியபடியே இருந்தது. அதைப் பார்த்து மீண்டும் 70.9க்கு ஏற்றினேன்.