சலூன் வரவேற்பு மேசை: நோட்டா, மென்பொருளா?

முன்பதிவை நோட்டில் எழுதுவதா, மென்பொருளில் போடுவதா? சலூன் வரவேற்பில் உட்காரும் பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு.

செலவு
நோட்டு: ஒரு டைரி, பென்சில், ரப்பர் போதும்.
மென்பொருள்: பெரும்பாலும் மாதச் சந்தா, கூடவே இணையம்.

பழகுவது
நோட்டு: முதல் நாளே கைவரும்.
மென்பொருள்: கொஞ்சம் பயிற்சி வேண்டும்.

ஒவ்வாமைக் குறிப்பு
என் கணக்கில் இதுதான் தலையாய விஷயம். பல தலைச்சாயங்களில் உள்ள பிபிடி என்ற ரசாயனம் சிலருக்கு முகமே வீங்கும் அளவுக்கு ஒவ்வாமை தரும். அதனால் 48 மணி நேரத்துக்கு முன்பே சாயத்தைத் தோலில் சிறிது தடவிப் பார்க்கச் சொல்கிறார்கள். அந்தச் சோதனைக்கும் சேர்த்து நேரம் கொடுக்க வேண்டியவர் வரவேற்பாளர்தான்.
நோட்டு: போன வருடக் குறிப்பைப் பக்கம் பக்கமாகத் தேட வேண்டும்.
மென்பொருள்: பதிந்து வைத்திருந்தால், பெயரைத் தட்டியதும் வந்துவிடும்.

ரகசியம்
நோட்டு: விரித்து வைத்தால் எதிரே நிற்பவர் போன் எண் வரை படித்துவிடலாம்.
மென்பொருள்: கடவுச்சொல் காக்கும். அதைச் சீட்டில் எழுதித் திரையில் ஒட்டாதீர்கள், தயவுசெய்து!

ஒருவரே நடத்தும் சிறிய சலூனுக்கு நோட்டு சரி. ஒவ்வாமை விவரத்தை மட்டும் தனி அட்டையில் எழுதிப் பூட்டிய டிராயரில் வையுங்கள். பலர் வேலை செய்கிற, சாயம் பூசுவது அதிகமுள்ள இடத்துக்கு மென்பொருள்தான். அப்புறம், மின்சாரம் போகலாம். மறுநாள் பட்டியலை முந்தைய மாலையே அச்செடுத்து வையுங்கள்.