சென்னை லிக்விடேட்டரா, சிங்கப்பூர் லிக்விடேட்டரா?

சென்னையில் பதிவான ஒரு நிறுவனம் எங்களுக்கு 62,000 சிங்கப்பூர் வெள்ளி பாக்கி வைத்துவிட்டு நொடித்துப்போனது. அட்டைப்பெட்டி, பேக்கிங் சாமான் விற்கும் சின்ன வியாபாரம் எங்களுடையது. அந்தத் தொகை இல்லாமல் வேலையாட்களுக்குச் சம்பளம் போடவே திணறினோம். அந்த நிறுவனத்துக்கு இங்கே பதிவு செய்த கிளை இருந்தது. ஜூரோங்கில் ஒரு கிடங்கு நிறையச் சரக்கு, வங்கியில் கொஞ்சம் பணம். இந்தியத் தீர்ப்பாயம் ஏற்கெனவே ஒரு லிக்விடேட்டரை, அதாவது நொடித்த நிறுவனத்தின் சொத்தை விற்றுக் கடன் கொடுத்தவர்களுக்குப் பிரித்துத் தருபவரை, நியமித்திருந்தது.

அவர் இங்கே உயர் நீதிமன்றத்தில் அங்கீகாரம் வாங்கும்வரை காத்திருந்து, அவரிடமே கடனைக் கோருவது ஒரு வழி. நாங்களே மனுப் போட்டு, சிங்கப்பூர் நீதிமன்றம் மூலமாக இங்கேயே ஒரு லிக்விடேட்டரை நியமிக்க வைப்பது இன்னொரு வழி. நாங்கள் இரண்டாவதைத்தான் எடுத்தோம்.

முதல் வழியில் நம் கைக்காசு அதிகம் கரையாது. வெளிநாட்டு நொடிப்பு நடவடிக்கையை உள்ளூர் நீதிமன்றம் அங்கீகரிக்க வழி செய்யும் ஐநா மாதிரிச் சட்டத்தை சிங்கப்பூர் 2017-லேயே ஏற்றுக்கொண்டது. லிக்விடேட்டரின் நாடும் அதை ஏற்றிருக்க வேண்டும் என்று இங்கே நிபந்தனை இல்லை. காம்ப்யூஏஜ் இன்ஃபோகாம் என்ற இந்திய நிறுவனத்தின் நொடிப்பு நடவடிக்கைக்கு 2025-ல் இங்கே அங்கீகாரம் கிடைத்தது. சொத்து பல நாடுகளில் சிதறிக் கிடந்தால் இதுதான் சரியான வழி. 2022-ல் திரீ ஆரோஸ் கேபிடல் என்ற கிரிப்டோ முதலீட்டு நிதி சரிந்தபோது பிரிட்டிஷ் வெர்ஜின் தீவுகளின் லிக்விடேட்டர்கள் இங்கே அப்படித்தான் வந்தார்கள்.

ஆனால் எங்களை முடிவெடுக்க வைத்தது ஒரே விஷயம்: பணம் பிரிக்கும்போது எந்த வரிசையில் நிற்கிறோம்? இந்திய நொடிப்புச் சட்டத்தின் 53-ஆம் பிரிவைப் படித்துப் பார்த்தபோது வயிறு கலங்கியது. முதலில் நடவடிக்கைச் செலவு. அடுத்து தொழிலாளர் பாக்கியும் அடமானம் வைத்திருக்கும் வங்கியும். அப்புறம் மற்ற ஊழியர்கள். பிறகு அடமானம் இல்லாமல் கடன் கொடுத்த நிதி நிறுவனங்கள். அதன் பின் அரசாங்க பாக்கி. எங்களைப் போன்ற சப்ளையர் நிற்பது ஆறாவது படியில். சிங்கப்பூரிலும் நடவடிக்கைச் செலவு, சம்பளம், வரி எல்லாம் முன்னால் போகும். ஆனால் அடமானம் இல்லாத வங்கிக் கடனும் எங்கள் பில்லும் ஒரே படிதான். மிஞ்சுவதை விகிதப்படி பிரித்துக்கொள்ள வேண்டும். எங்களுக்குப் பாக்கி வைத்த நிறுவனத்துக்கு அப்படிப்பட்ட கடன் மலைபோல இருந்தது. அந்தப் படி வித்தியாசத்தில் எங்கள் பங்கு பூஜ்யமாகவும் ஆகலாம், ஓரளவு கைக்கு வரவும் செய்யலாம்.

இங்கே கடன் கொடுத்தவர்களுக்கு முதல் உரிமை என்று பழைய சட்டத்தில் இருந்ததை நம்பி இறங்காதீர்கள். சில வகை நிதி நிறுவனங்கள் தவிர மற்றவற்றுக்கு அது 2017-லேயே போய்விட்டது. அதே சமயம், அங்கீகாரம் பெற்ற வெளிநாட்டு லிக்விடேட்டரிடம் இங்குள்ள சொத்தைப் பிரிக்க ஒப்படைக்கும் முன், இங்கே கடன் கொடுத்தவர்களின் நலன் பாதுகாக்கப்படுகிறதா என்று நீதிமன்றம் பார்த்தாக வேண்டும். ஆகவே முதல் வழி நம்மை அடியோடு கைவிடுகிறது என்று சொல்ல மாட்டேன்.

இரண்டாவது வழியில் மனுப் போட, வெளிநாட்டு நிறுவனத்துக்கு சிங்கப்பூரோடு வலுவான தொடர்பு இருப்பதைக் காட்ட வேண்டும். கிளையும் கிடங்கும் அதற்குப் போதுமானவையாக இருந்தன. பாக்கி 15,000 வெள்ளிக்கு மேல் இருந்து, முறையான நோட்டீசுக்குப் பிறகும் மூன்று வாரம் கட்டாவிட்டால் கடனைக் கட்ட முடியாத நிறுவனம் என்று கொள்ளலாம். உரிமம் பெற்ற தனியார் லிக்விடேட்டர் ஒருவரின் சம்மதக் கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்தோம். வழக்குச் செலவு சொத்திலிருந்து முதலில் திரும்பி வரும். ஆனால் சொத்து இருந்தால்தான். வெறும் வங்கிக் கணக்கு மட்டும் இருந்திருந்தால் நான் முதல் வழிக்கே போயிருப்பேன்.

நான் பார்த்தது இந்த ஒரு வழக்கைத்தான். கப்பலோ காப்புறுதியோ சம்பந்தப்பட்டால் கணக்கு மாறலாம். கிடங்குச் சரக்கு விற்றாகிவிட்டது, பங்கு எவ்வளவு என்ற கடிதத்துக்குக் காத்திருக்கிறோம். சென்னை சப்ளையர்கள் சிலரும் இங்கே கோரிக்கை போட்டிருக்கிறார்கள். அவர்களும் எங்களோடு அதே படியில்தான் நிற்கிறார்கள்.