எஞ்சின் கேம் மாத்தப் போறீங்களா: க்ளேயா, டயல் கேஜா, டாப்பெட் ஸ்க்ரூவா?

என் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக்குக்கு லிஃப்ட் கூடுன, அதாவது வால்வை இன்னும் அதிகமா திறக்கற, கேம் (வால்வை திறந்து மூடற தண்டு) ஒண்ணு வாங்கி வச்சுட்டு, வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவுல எவ்ளோ இடம் இருக்குன்னு எப்படிப் பாக்கறதுன்னு குன்னூர்ல தெரிஞ்ச ஆளுங்ககிட்டல்லாம் கேட்டேன், முக்கால்வாசிப் பேர் சொன்னது ஒண்ணுதான், "ஒரு உருண்டை க்ளே வை, ஒரு சுத்து சுத்து, மூடிரு". நானும் வச்சேன். எக்ஸாஸ்ட் (புகை வெளிய போற வால்வு) பக்கம் 1.9 மில்லி காட்டுச்சு, ஒரே சந்தோஷம். அப்புறம் டயல் கேஜ் (முள்ளு வச்ச அளவுக் கருவி) வச்சுப் பாத்தா 1.4.

முதல்ல ஏன் இவ்ளோ பயம்னு சொல்லிடறேன். எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடிஞ்சு இன்டேக் (காத்து உள்ள வர்றது) ஆரம்பிக்கற இடத்துல ரெண்டு வால்வும் கொஞ்சம் கொஞ்சம் திறந்திருக்கும், பிஸ்டனும் மேல வந்து நிக்கும். டிடிசிக்கு (பிஸ்டன் உச்சில நிக்கற இடம்) சுமார் 10 டிகிரி முன்னாடி எக்ஸாஸ்ட் வால்வு பிஸ்டனுக்கு ரொம்பக் கிட்ட வரும், சுமார் 10 டிகிரி தாண்டி இன்டேக். எக்ஸாஸ்ட் வால்வை பிஸ்டன் பின்னாடியே துரத்திட்டு வருது, வால்வை மூடற ஸ்பிரிங் கொஞ்சம் தாமதிச்சாலும் டமார்தான், அதனால அந்தப் பக்கம் இடம் கூடவே வேணும். கேம் கம்பெனி குடுத்த அளவுதான் முதல்ல, அது இல்லைன்னா பைக்குக்கு இன்டேக் 1 மில்லிக்குக் கீழயும் எக்ஸாஸ்ட் 1.5க்குக் கீழயும் நான் போக மாட்டேன். கல்லட்டில இறங்கறப்ப 36 கொண்டை ஊசி வளைவு, செகண்டுக்கு பதிலா ஃபர்ஸ்ட்ல தட்டி கிளட்ச்சை விட்டீங்கன்னா ரெட்லைன் (எஞ்சினோட உச்ச வேக வரம்பு) எல்லாம் தூளு, ஸ்பிரிங் தாமதிக்கறது அப்பதான், ரெவ் லிமிட்டரும் ஒண்ணும் பண்ண முடியாது, சக்கரம்ல எஞ்சினை சுத்துது.

சரி, க்ளே. குழந்தைங்க விளையாடற க்ளேயே போதும், செலவு இல்ல, ஸ்பிரிங்கை கழட்ட வேணாம். வால்வு முகத்துல லேசா எண்ணெய் தடவிட்டு பிஸ்டன் பாக்கெட்ல (வால்வுக்காக பிஸ்டன் தலைல இருக்கற பள்ளம்) க்ளேயை அப்பி, ஹெட்டை மூடி, கிராங்கை கையாலயே ரெண்டு முழு சுத்து சுத்தி, திறந்து, பிளேடால நறுக்கி மெல்லிசான இடத்தை வெர்னியர்ல அளக்கணும். நான் செஞ்ச தப்பு ரெண்டு. டிசம்பர் காலைல க்ளே கல்லு மாதிரி இறுகிக் கிடந்துச்சு, அடுப்புப் பக்கம் காட்டி இளக்காமலே வச்சேன், ஹெட் போல்ட்டையும் கையால மட்டும் இறுக்கினேன், க்ளே ஹெட்டையே தூக்கிப் பிடிச்சிருக்கு. ரெண்டாவது, டைமிங் செயினை (கிராங்க்லேர்ந்து கேமை சுத்தற செயின்) இழுத்துப் பிடிக்கற டென்ஷனர் போடாம கிராங்கை கொஞ்சம் பின்னாடி திருப்பினேன், தொய்வு தப்பான பக்கம் போயி கேம் முன்னாடி ஓடிருச்சு, எக்ஸாஸ்ட் சீக்கிரமா மூடறதால இடம் நிறைய இருக்கற மாதிரி தெரிஞ்சுது. ஆக பழைய கேஸ்கட் போட்டாவது முழு டார்க்ல இறுக்குங்க, டென்ஷனர் போடுங்க, ஓடற திசைலயே சுத்துங்க. ஹைட்ராலிக் டாப்பெட் (எண்ணெய் அழுத்தத்துல தானா லூசை சரி பண்ற லிஃப்டர்) இருக்கற யூசிஇ எஞ்சின் புல்லட்ல இன்னும் மோசம், லிஃப்டர் அமுங்கி உள்ள போயிரும், அளவு கூடுதலா காட்டும், கெட்டி லிஃப்டர் போட்டுத்தான் பாக்கணும்.

டயல் கேஜ் வேலை அதிகம், ஆனா எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு. வால்வோட நிஜ ஸ்பிரிங்கை எடுத்துட்டு, ஹார்டுவேர் கடைல கெடைக்கற லேசான ஸ்பிரிங்கை மாட்டி, கிராங்க்ல டிகிரி டிஸ்க் (டிகிரி குறிச்ச தட்டு), ரீடெய்னர் (ஸ்பிரிங்கைப் பிடிக்கற மூடி) மேல கேஜ் முனை. டிடிசிக்கு 15 டிகிரி முன்னாடிலேர்ந்து 15 டிகிரி தாண்டி வரைக்கும் ரெண்டு ரெண்டு டிகிரியா நகத்தி, ஒவ்வொரு இடத்துலயும் கேஜை சைபர் பண்ணி, வால்வை கட்டைவிரலால அமுக்கணும், பிஸ்டன்ல போய் 'டக்'னு நிக்கும், முள்ளு காட்டறதுதான் அளவு. எந்த டிகிரில இடம் கொறையுதுன்னு தெரியறதால, ஸ்ப்ராக்கெட்டை நகத்தினா என்ன ஆகும்னு அங்கயே கணக்கு போடலாம், அட்வான்ஸ் பண்ணா (கேமை முன்னாடி நகத்தினா) இன்டேக் கிட்ட வரும், ரிடார்ட் பண்ணா (பின்னாடி நகத்தினா) எக்ஸாஸ்ட். டைமிங் செயின் தேஞ்சு நீளமானாலும் கேம் ரிடார்ட் ஆகத்தான் செய்யும், இன்னிக்கு 1.5 இருக்கறது நாளைக்கு கொறையும், இதை க்ளே சொல்லாது.

ஆனா ஒண்ணு, டயல் கேஜ் மேல கீழ மட்டும்தான் பாக்கும். பெரிய வால்வு போட்டவங்களுக்கு வால்வோட ஓரம் பாக்கெட் சுவத்துல உரசுதான்னு காட்டறது க்ளே மட்டும்தான்.

டாப்பெட் ஸ்க்ரூ (வால்வு லூசை சரி பண்ற ஸ்க்ரூ) முறை அவசரத்துக்கு. ஸ்க்ரூ வால்வு பக்கமே இருக்கற எஞ்சின்ல, ஓவர்லாப்ல (ரெண்டு வால்வும் கொஞ்சம் திறந்திருக்கற இடம்) நிறுத்தி, லூசை சைபர் பண்ணிட்டு, வால்வு பிஸ்டனை தொடற வரைக்கும் ஸ்க்ரூவை இறக்கி சுத்தை எண்ணணும், மரைக்கு 0.75 மில்லின்னா ரெண்டு சுத்துக்கு 1.5. நிஜ ஸ்பிரிங் எதிர்த்து தள்றதால தொட்டுச்சா இல்ல ஸ்பிரிங் முழுசா இறுகிருச்சான்னு கைக்குப் புரியாது, எனக்கு ரெண்டு தடவை ஏமாத்துச்சு. இருக்கா இல்லையான்னு பாக்க மட்டும் ஓகே.

இந்த கேமே ஊட்டிக்குத் தேவையான்னு வீட்டுல கேக்கறாங்க, நியாயந்தான், 2240 மீட்டர்ல காத்தே கம்மி, இதுல கம்மி ஆர்பிஎம்ல இருக்கற இழுவை வேற போகும். ஆனா காசு குடுத்தாச்சே. பிஸ்டன் தலை தடிமனை பாத்துட்டு எக்ஸாஸ்ட் பாக்கெட்டை அரை மில்லி ஆழமாக்கச் சொல்லி கோயம்புத்தூர்ல ஒரு லேத்துக்கு அனுப்பிருக்கேன், வந்ததும் மறுபடியும் டயல் கேஜ், கடைசியா ஒரு தடவை இளக்கின க்ளே.